ஒரு வரிசைச் செங்கல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கட்டுமானப் பணிகளில் வரும் தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்ப்பது எப்படி என்று பொதுப்பணித் துறையின் இளம் என்ஜினீயர்களான உங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்திருக்கிறார்களாம். அதில் ஒரு மணி நேரம் வந்து பேச வேண்டும் என்று எனக்குக் கடிதம் வந்தது. ‘பணிக்காலம் முழுவதும் ஒரு வழக்கைக்கூடச் சந்திக்காதவர்’ என்று என்னைப் பற்றி அதில் ஒரு வரி. படித்துவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அந்த வரி பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

நான் பேச வரமாட்டேன். மேடை ஏறினால் நானும் எல்லாரையும் போல நாலு வேடிக்கை சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு, பொன்னாடையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதி அனுப்புகிறேன். உங்களில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், நான் பார்க்கப்போவதில்லை.

டெல்டாவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே நம் தொழிலுக்கு நாலரை மாதம்தான் ஒரு வருஷம். ஜனவரி கடைசியில் மேட்டூரை அடைத்தால் ஜூன் நடுவில் திறப்பார்கள். அந்த இடைவெளிக்கு அடைப்பு என்று பெயர். வாய்க்காலில் மதகோ பாலமோ கட்ட வேண்டுமென்றால் அந்த அடைப்புக்குள் கட்டி முடித்தாக வேண்டும். நடுவில் ஒருவர் முன்சீப் கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கிவிட்டால் அந்த அடைப்பு போயிற்று. வழக்கு முடியட்டும் என்று தண்ணீர் ஆற்றில் காத்துக்கொண்டு நிற்காது. ஆகவே எங்கள் காலத்தில் வக்கீல் நோட்டீஸ் என்றாலே எங்களுக்கு ஒரு வருஷம் போனதாகக் கணக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது குத்தாலம் பக்கத்தில் எனக்கு ஒரு மேலதிகாரி வாய்த்தார். பெயர் வேண்டாம். ஒல்லியான மனிதர், எந்நேரமும் வாயில் வெற்றிலை. ஒரு சிறு பாலம் கட்டும் இடத்தில் எங்கள் கான்ட்ராக்டர் செங்கலையெல்லாம் கொண்டுபோய் ஒரு விவசாயியின் களத்தில் அடுக்கிவிட்டார். தை மாதம், அறுவடை நேரம். களத்துக்காரர் அரிவாளோடு வந்து கல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கான்ட்ராக்டரோ, “முன்னாடியே சம்மதம் கேட்டுத்தான் எறக்கினேன், கோர்ட்ல பாத்துக்கலாம்” என்று துள்ளினார். நான் மேலதிகாரிக்கு ஆள் அனுப்பினேன்.

மேலதிகாரி வந்தார். யார் பக்கம் நியாயம் என்று கேட்கவே இல்லை. நேராகப் போய் அரிவாள்காரரின் பக்கத்தில், அதே செங்கல் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தார். “மோர் இருக்குங்களா? வெயில் மண்டையைப் பொளக்குது” என்றார். மோர் வந்தது. நெல் எப்படி, வைக்கோல் எப்படி, மாட்டுக்கு என்ன சீக்கு என்று ஒரு மணி நேரம் பேச்சு. மறுநாள் மத்தியானம் அந்த விவசாயியே தன் வண்டியைப் பூட்டிக் கல்லையெல்லாம் வாய்க்கால் கரைக்கு மாற்றிக் கொடுத்தார். பாலம் அந்த அடைப்பிலேயே முடிந்தது.

ஜீப்பில் திரும்பும்போது அவர் எனக்குச் சொன்னார்: “யாரு சரி, யாரு தப்புன்னு ஆராயாதய்யா. அதுக்கு ஜட்ஜு இருக்காரு. வேலையை நிறுத்த முடிஞ்சவன் யாருன்னு பாரு. அவன்கிட்ட மொதல்ல போயி ஒக்காரு.”

அடேயப்பா, என்ன சூட்சுமம் என்று நினைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அது பலித்தது. எத்தனையோ தகராறுகளை அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே தீர்த்தேன். உங்கள் பயிற்சியிலும் அதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த வாக்கியம் அது. வீரம்மாளின் நிலத்தைத் தின்றதும் அதுதான்.

பல வருஷம் கழித்து என்னைத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். ஆட்சி மாறியிருந்தது. சுவரெல்லாம் உதயசூரியனையும் எதிர்க்கட்சியின் சின்னத்தையும் மாறி மாறி வரைந்திருப்பார்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் பெரிய பண்ணைகளிடமிருந்து கொஞ்சம் நிலத்தை எடுத்து, அதே பண்ணைகளில் கூலிக்கு நின்றவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்த நேரம். கொடுத்தது பெரும்பாலும் கடைமடை, அதாவது வாய்க்கால் போய் முடிகிற இடத்து நிலம். நல்ல நிலத்தை யார் விடுவார்கள்? ஊரில் பண்ணைக்காரர்களும் பட்டா வாங்கியவர்களும் ஒருவரையொருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். கூலிச் சண்டையில் விழுந்த வெட்டுக் காயங்கள் பல பேர் உடம்பில் ஆறாமல் இருந்தன.

அங்கே வாய்க்காலின் குறுக்கே இருந்த பழைய தடுப்புச் சுவரும் மதகும் வெள்ளத்தில் போய்விட்டன. புதிதாகக் கட்ட வேண்டும். விஷயம் எளிது. சுவர் தண்ணீரை மறிக்கும். மறித்த தண்ணீர் பக்கத்து மதகு வழியாக மேல்பகுதி வயல்களுக்குப் போகும். மிச்சம் சுவருக்கு மேலே வழிந்து கடைமடைக்குப் போகும். சுவர் எவ்வளவு உயரம் என்பதில்தான் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது இருக்கிறது. அந்த உயரத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

கான்ட்ராக்டர் காதர் பாய், கடலோர ஊர்க்காரர். நாணயமான மனிதர். அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்பும் நேரத்தில் மேல்பகுதிப் பண்ணைக்காரரான மிராசுதாரின் ஆட்கள் வந்து வேலையை நிறுத்திவிட்டார்கள். கரையைப் பிடித்து நிற்கும் சுவரின் ஓரச் சிறகு அவர் பட்டா நிலத்துக்குள் வருகிறதாம். கல் வண்டி வரும் பாதையும் அவர் நிலமாம். சர்வே கல்லைத் தேடினால் அது இருந்த இடத்தில் இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

மிராசுதார் வீட்டுக்குப் போனேன். என் குருநாதர் சொன்னபடி வேலையை நிறுத்த முடிந்தவரிடம் முதலில் போய் உட்கார்ந்தேன். அவர் ஆளுங்கட்சியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தோளில் கரைத்துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. கும்பகோணம் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“வாங்க தம்பி, ஒக்காருங்க. நான் என்ன, வேலைக்குக் குறுக்கவா நிக்கிறேன்? என் நெலத்துல செவுரு கட்டுறீங்களேன்னு கேட்டேன். கேக்கப்படாதா? படாதுன்னா சொல்லுங்க, முன்சீப்பு கோர்ட்ல கேட்டுக்கிறேன்.”

“அதெல்லாம் வேண்டாங்க. உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க.”

“பெருசா ஒண்ணும் இல்ல. செவுத்துல ஒரே ஒரு வரிசைக் கல்லு கூட வைங்க. என் மேட்டு வயலுக்குத் தண்ணி தானா ஏறிக்கும். ஏத்தம் எறைக்க ஆளு எங்க தம்பி கெடைக்கிது? எல்லாந்தான் பட்டாதாரு ஆயிட்டாங்களே!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வரிசைச் செங்கல் என்றால் சாந்தோடு சேர்த்து மூன்று அங்குலம். மூன்று அங்குலம்தானே என்று நினைத்தேன். படித்த என்ஜினீயர் நினைக்கக் கூடாத நினைப்பு அது. இந்த ஊர்த் தரை தாம்பாளம் மாதிரி. மைல் கணக்கில் நடந்தாலும் ஒரு முழம் இறங்காது. இங்கே மூன்று அங்குலம் என்பது ஒரு ஊருக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. மே மாதம் பிறக்கப்போகிறது, வேலை பாதியில் நிற்கிறது, அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

சரி என்றேன். வாய்ப்பேச்சு போதாது என்றார் மிராசுதார். முச்சலிக்கா எழுத வேண்டும் என்றார். நிலத் தகராறுகளில் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டதை எழுதிக் கையெழுத்துப் போடும் பத்திரத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். வேறு யாரும் இதைப் படிக்க வேண்டாம் என்று என் கையாலேயே எழுதினேன். சிறகுச் சுவருக்கும் பாதைக்கும் அவர் சம்மதம், பதிலுக்குத் தடுப்புச் சுவரில் ஒரு வரிசை கூடுதல். ஒரே பிரதி. அது அவர் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. என் மெஷர்மென்ட் புத்தகத்தில் வரைபடத்தில் உள்ள உயரத்தையே எழுதிக்கொண்டேன். ஆக, அந்த ஒரு வரிசைச் செங்கல் எந்த அரசாங்கக் காகிதத்திலும் இல்லை.

காதர் பாயிடம் சொன்னபோது அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “கடைமடைக்குத் தண்ணி எறங்குமா சார்?” என்றார்.

“மூணு அங்குலம் பாய்.”

“நான் டிராயிங்கப் பாத்துக் கட்டுறவன். நீங்க சொல்றீங்க, வைக்கிறேன். ஆனா ஒரு வார்த்தை, அந்தக் கடைசி சனங்களையும் கூப்பிட்டு வச்சுப் பேசிருக்கலாம்.”

“அவங்க வேலையை நிறுத்தலையே பாய்?” என்றேன். எவ்வளவு சாமர்த்தியமான பதில் பாருங்கள். அவர் கொத்தனாரைக் கூப்பிடப் போய்விட்டார்.

அந்தக் கடைசி வரிசைக்குச் சாந்து காய்வதற்குள் கடைமடைக்காரர்களே வந்துவிட்டார்கள். நாலு பேர். பூவரச மரத்தடியில் போட்டிருந்த எங்கள் கொட்டகைக்கு வெளியே நின்றார்கள். முன்னால் நின்றவர் வீரம்மாள். முப்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரு பெண் குழந்தை, பட்டா அவர் பேரிலேயே. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். கூட வந்திருந்த கிழவர் என்னை ‘சாமி’ என்றார். வீரம்மாள் ‘சார்’ என்றார்.

“சார், செவுரு ஒரு கல்லு ஒசந்துருக்குன்னு பேசிக்கிறாங்க. நெசமா?”

“மூணு அங்குலம்தாம்மா.”

“எங்க வயக்காட்டுக்கு மொத்தமா வர்றதே கணுக்கால் அளவுத் தண்ணி. அதுல மூணு அங்குலம் போச்சுன்னா மிச்சம் என்னா சார் இருக்கும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மேலே சொன்னார். “ரெண்டு பசலி வருசம் தரிசாக் கெடந்தா பட்டாவ ரத்து பண்ணிருவாங்க சார். குடுக்குறப்பவே தாசில்தார் படிச்சுக் காமிச்சாரு. எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல. இந்த மூணு மாதான்.”

மடியிலிருந்து மடித்த தாளை எடுத்தார். வக்காலத்து. திருத்துறைப்பூண்டியில் ஒரு வக்கீல் பணம் வாங்காமல் வழக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கைநாட்டு இல்லை, எழுத்துக் கூட்டிக் கையெழுத்தே போட்டிருந்தார் வீரம்மாள்.

கோர்ட் என்று போனால் வரைபடத்தைக் கேட்பார்கள். வரைபடத்தைக் கேட்டால் நான் தொலைந்தேன். ஆனால் அவரிடம் அப்படியா சொல்வேன்? தொழில் தெரிந்தவன் அல்லவா நான். குரலைத் தணித்துக்கொண்டேன்.

“இதப் பாரும்மா. கேஸ் போட்டா ஸ்டே வரும். செறகுச் செவுரு, மதகு எல்லாம் அரைகுறையா நிக்கும். தண்ணி தொறந்தா அது கரையை அடிச்சுக்கிட்டுப் போயிடும். பண்ணைக்கு மட்டுமா நஷ்டம்? உங்களுக்குச் சொட்டுத் தண்ணி வராது. இந்த ஒரு வருஷம் பொறுத்துக்குங்க. வர்ற அடைப்புல நானே ஆளை விட்டு அந்த வரிசையைத் தட்டிவிட்டுடறேன்.”

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, “சரிங்க சார். அத எழுதிக் குடுங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “என்னம்மா, என் வார்த்தை போதாதா? நான் என்ன ஊரை விட்டா ஓடப்போறேன்?”

“பண்ணைக்கு முச்சலிக்கா எழுதிக் குடுத்தீங்களாமே சார்.”

“அது வேற, இது வேற.”

என்ன வேறு? எனக்கே தெரியாது. கிழவர்தான் என்னைக் காப்பாற்றினார். “விடு தாயி, ஐயா இவ்ளோ தூரம் சொல்றாரு. ஆபீசரு வார்த்தையில்ல” என்றார். வீரம்மாள் தாளை மறுபடி மடித்து மடியில் செருகிக்கொண்டார். போகும்போது ஒரு தரம் திரும்பி, “மறந்துறாதீங்க சார்” என்றார். நான் ஒரு தகராறைக் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் காதர் பாயிடம் அதைப் பெருமையாகவே சொன்னேன் என்று ஞாபகம்.

ஜூனில் தண்ணீர் வந்தது. மேட்டு வயலில் ஏறியது. சுவரைத் தாண்டி நூல் போல வழிந்ததைக் கடைமடைக்குப் போகும் வழியிலேயே மண் குடித்துவிட்டது. அந்தச் சம்பாவில் வீரம்மாளின் மூன்று மாவில் நாற்று விடவே தண்ணீர் இல்லை. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் அடங்கலில் ‘தரிசு’ என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது, கண்ணால் கண்டதை எழுதினார். ஏன் தரிசு என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

அடுத்த அடைப்பு வரட்டும் என்றிருந்தேன். பொங்கலுக்கு முன்னாலேயே பதவி உயர்வு உத்தரவு வந்தது, மதுரைப் பக்கம். ‘தகராறுகளைச் சுமுகமாகத் தீர்ப்பதில் வல்லவர்’ என்று மேலே எழுதியிருந்தார்களாம். பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். மட்டம் பார்க்கும் கருவி, சங்கிலி, கொட்டகைச் சாவி, முடியாத வேலைகள் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். கடைசியில் சுவர் வந்தது. பேனாவை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

‘தடுப்புச் சுவரில் ஒரு வரிசை அகற்ற வேண்டும்.’ ஆறே வார்த்தைதான். எழுதினால், அந்த வரிசை எப்படி வந்தது என்று புதிதாக வருபவர் கேட்பார். பிறகு மேலே கேட்பார்கள். வரைபடத்தை மீறியதற்கு, பெரிய தண்டனைக்கான 17-பி மெமோ கொடுப்பார்கள். பதவி உயர்வு போகும், வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரும். வாயால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். புதியவர் வந்தபோது அவருக்குக் காய்ச்சல். சொல்லவில்லை. இதுதான் நடந்தது, தம்பி. யாரும் என்னை மிரட்டவில்லை, எந்த அமைச்சரும் போன் பண்ணவில்லை. ஒரு மேசை, ஒரு பேனா, நான். அவ்வளவுதான்.

ஒன்பது வருஷம் கழித்து அதே வட்டாரத்துக்குச் செயற்பொறியாளராக வந்தேன். ஜீப், டவாலி, எல்லாம் உண்டு. சேர்ந்த வாரமே அந்த வாய்க்காலுக்குப் போனேன். சுவர் அப்படியே இருந்தது. மேல் வரிசையில் மட்டும் பாசி பிடிக்காமல் செங்கல் வெளுத்திருந்தது. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் லஸ்கரைக் கூப்பிட்டு, “இந்த வரிசையை எடுத்துடுங்க” என்றேன். அவர் கடப்பாரையோடு இறங்கினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒருவர்கூடத் தடுக்க வரவில்லை.

“பண்ணை வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“அவங்க என்னா சொல்லப்போறாங்க சார்? பெரியவரு போயிட்டாரு. பிள்ளைங்க மேட்டு வயலுக்கு போர் போட்டு ஏழெட்டு வருஷமாச்சு. இந்த மதகுத் தண்ணிய அவங்க தொடுறதே இல்ல.”

கேட்டீர்களா? வைத்து ஒன்றிரண்டு வருஷத்திலேயே அந்தச் செங்கல் ஒருத்தருக்கும் வேண்டாததாகிவிட்டது. அதற்குப் பிறகும் கடைமடையை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு தபால் அட்டை போட்டிருந்தால் போதும். போட வேண்டியவன் நான்தான்.

அப்படியே கரை மேல் நடந்து கடைமடைக்குப் போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலை பாதி நரைத்திருந்தது. சேற்றுக் கையோடு வரப்புக்கு வந்தார்.

“வாங்க சார். அந்த ஒரு வரிசைய எடுத்துட்டீங்களாம். இப்பத்தான் சொன்னாங்க.”

“இது உங்க வயல்தானேம்மா?”

“என் வயலா இருந்துச்சு. ரெண்டாவது வருசமும் தரிசுன்னு எழுதி ரத்து பண்ணிட்டாங்க. இப்ப வேற ஒருத்தரு பேருல இருக்கு. பேருதான் அவரு பேரு, பண்ணை வூட்டு போர்த் தண்ணியிலதான் நடவு, வெள்ளாமையும் அங்கதான் போவுது. நான் நடவுக்கு வந்துருக்கேன்.”

அழுகை இல்லை, ஏச்சு இல்லை, அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். ஒரு திட்டுத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“நான் ஏதாச்சும் செய்யணுமா?” என்றேன். அசட்டுக் கேள்வி.

“செய்யலாம் சார். ரத்து பண்ணுனத மாத்தச் சொல்லி தாலுக்கா ஆபீசுல மனு போட்டு வச்சுருக்கேன். ‘நீ பயிரு வைக்கல, அதுனால ரத்து’ங்குறாங்க. தண்ணி வராததுனாலதான் தரிசாக் கெடந்துச்சுன்னு இஞ்சினீரு ஆபீசுல எழுதி சீல் போட்டு வாங்கியா, பாக்கலாம்னாங்க. முன்னாடி இருந்தவங்ககிட்ட கேட்டேன். எங்க ரிக்கார்டுல செவுரு சரியாத்தான் இருக்குன்னுட்டாங்க. உங்களுக்குத் தெரியுமுல்ல சார். எழுதிக் குடுங்க.”

இரண்டாவது தடவையாக அந்த வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடுத்த வாரம் ஆபீசுக்கு வாங்கம்மா, பாக்கலாம்” என்றேன்.

வந்தார். நான் உள்ளே இருந்தேன். சார் கேம்ப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். ஜன்னல் வழியே பார்த்தேன், வேப்ப மரத்தடியில் பஸ் நேரம் வரை உட்கார்ந்திருந்து போனார். அடுத்த வாரமும் வந்தார், அப்போதும் கேம்ப். மூன்றாவது தடவை வரவில்லை. ஓய்வுக்கு எனக்கு நாலு வருஷம் இருந்தது. மகள் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள் என்று பயம். இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை. பயம் எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். அது மீசையை முறுக்கிக்கொண்டு வராது. குடும்பஸ்தன் வேஷத்தில் வந்து பக்கத்தில் உட்காரும்.

ஓய்வு பெற்று, பென்ஷன் உத்தரவெல்லாம் கைக்கு வந்த பிறகு எழுதினேன். வெள்ளைத்தாளில், முழுசாக. இன்ன அடைப்பில் இன்ன செக்‌ஷனில் பொறுப்பில் இருந்த நான், வரைபடத்துக்கு மாறாகத் தடுப்புச் சுவரில் ஒரு வரிசை செங்கல் கூடுதலாக வைத்தேன். அதனால் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. வீரம்மாளின் நிலம் தரிசாகக் கிடந்ததற்கு நான் காரணம், அவர் இல்லை. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது வீரம்மாளின் மகள். டீச்சராக இருக்கிறார். வீட்டுக்குள் மாலை போட்ட போட்டோ. வீரம்மாள் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. “உள்ள வாங்க சார்” என்று நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். எனக்கு அந்த மரியாதை முதுகில் அடித்தது போல இருந்தது.

தாளை நீட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். டீச்சர் அல்லவா, பிழை இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி நிதானமாகப் படித்தார். பிறகு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இத ஏத்துக்க மாட்டாங்க சார். ஆபீஸ் சீல் இல்லையே.”

“நான் இப்ப வேலையில இல்லம்மா...”

“தெரியும் சார். அம்மா கேட்டப்ப சீலு உங்ககிட்டதான் இருந்துச்சு.”

அவ்வளவுதான் பேசினார். பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்து வழி காட்டினார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி நடந்தார்.

கோர்ட்டுக்குப் போகாமல் தீர்க்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்களும் தீர்ப்பீர்கள், தீர்க்காமல் இங்கே ஒரு மதகும் எழும்பாது. வேலையை நிறுத்த முடிந்தவர் கேட்டால் எழுதிக் கொடுப்பீர்கள். நிறுத்த முடியாத ஒருவர் வந்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கும்போது உங்களுக்கும் சுருக்கென்று கோபம் வரும். வரும், பாருங்கள். எனக்கு வந்த மாதிரியே வரும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. என் காலத்து ஆட்களை நினைத்தால் நம்பிக்கையும் இல்லை.

மகள் திருப்பிக் கொடுத்த தாளை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியும் இருக்கிறது. அந்த நிலத்தின் மனு இன்னும் தள்ளுபடி ஆகவில்லை, கிடப்பில்தான் இருக்கிறது என்று விசாரித்ததில் தெரிந்தது. நான் எடுக்கச் சொன்ன செங்கலின் தடம் சுவர் மேல் இன்னும் இருக்கும். யாராவது ஒருவர் நேரில் போய் அளந்து பாருங்கள். சீல் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.